கல் மெத்தை

போன வாரம் நம் மெத்தைக் கடை மேனேஜரைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம். குழாயைத் திறந்துவைத்து, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் யாருடனோ போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். வாளி நிரம்பி வழிகிறது.

வெளியே அவன் அம்மா கதவைத் தட்டினாள். வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஒருவர் பேசுகிற தோரணையை வைத்தே எதிர்முனையில் இருப்பது உறவா, அலுவலகமா என்று சொல்லிவிடுவாள். வீட்டில் யாருடைய போன் அடித்தாலும் சரி, மூன்று தடவைக்குள் உரியவர் எடுக்காவிட்டால் அவள் கை தானாக நீண்டுவிடும். ஓய்வு பெற்றும் போகாத பழக்கம்.

"தண்ணிகிட்டயா பேசிட்டிருக்கே?"

"பாட்டு கேக்கறேம்மா."

"பாட்டுக்கு எதுக்குடா சரிங்க சார், சரிங்க சார்னு பதில் சொல்றே?"

அவன் குழாயை மூடினான். அம்மாவின் காலடி சமையலறைப் பக்கம் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எதிர்முனையில் இருந்தது மலைக் கல்லூரி. தொலைவில் ஒரு மலையடிவாரத்தில் இருப்பதால் வீட்டில் அதற்கு அந்தப் பெயர். அங்கே எம்.பி.ஏ. முடித்தவர்களைப் பெரிய கம்பெனிகள் கடைசித் தேர்வுக்கு முன்பே கொத்திக்கொண்டு போய்விடும். அந்த அலுவலகத்துக்காரர் சொன்னது இதுதான்: காத்திருப்பவர்களில் நீங்கள்தான் முதல் ஆள். இடம் கிடைத்தவர்கள் சேர்கிறேன் அல்லது விலகுகிறேன் என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் அழுத்தியாக வேண்டும். இன்னும் ஒருவர்தான் அழுத்தாமல் இருக்கிறார், அவர் விலகினால் ஆறு மணிக்குள் உங்களைக் கூப்பிடுவோம், போனை அணைத்துவைக்காதீர்கள்.

எதிலாவது முதல் ஆளாக வந்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டவன் அவன். வந்துவிட்டான். கிடைக்காதவர்களில் முதல் ஆள்.

இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது என்று இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்கள் கேட்கலாம். இடம் கிடைத்தும் இன்னும் அழுத்தாத அந்த ஒருவர் அவன் மனைவி. விஷயமே அதுதான்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவள். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேஜையில், ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் நுழைவுத் தேர்வுக்குப் படித்தார்கள். விகிதக் கணக்கு அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அவன்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். யாருக்கு நல்ல இடம் கிடைக்கிறதோ அவர் முதலில் போவது, மற்றவர் சம்பளத்தில் வீடு ஓடுவது, படித்து முடித்ததும் மாறிக்கொள்வது என்று இருவருக்குள்ளும் பேச்சு. அந்த நல்ல இடம் தனக்குத்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு தாராளமாகத் தலையாட்டினான்.

மலைக் கல்லூரி அவளைக் கூப்பிட்டது. வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற பாலத்துக் கல்லூரியும் அவளைக் கூப்பிட்டது. பாலத்துக் கல்லூரிக்கு அவன் விண்ணப்பிக்கவே இல்லை. அது தன் தகுதிக்குக் குறைச்சல் என்று நினைத்துவிட்டான்.

"எனக்குக் கிடைக்கலை, விடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். காத்திருப்போர் வரிசையில் இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், அதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. முதலில் காரணம் அவ்வளவுதான். வரிசையில் மேலே மேலே ஏறி முதல் இடத்துக்கு வந்த பிறகு, சொல்லாமல் இருந்ததன் காரணமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனது.

பொறாமை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டான். கவலை என்பான். இரண்டு வருஷம் அவள் விடுதியில் தங்க வேண்டும், வீடு என்ன ஆவது, அம்மாவை யார் பார்ப்பது என்பான். அம்மாவோ ஊரையே பார்த்துக்கொள்ளக்கூடியவள்.

உண்மை என்னவென்றால் அவனுக்கு வயிறு எரிந்தது. கடை முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கி, வீட்டம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லு என்றபோது எரிந்தது. அம்மா மாடிவீட்டுக்காரரை நிறுத்தி வைத்து மருமகளின் பெருமையைச் சொன்னபோது எரிந்தது. மனைவி துணி மடித்தபடி ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தால்கூட, இது மலைக் கல்லூரிச் சந்தோஷம் என்று எரிந்தது. எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்பு. நேர்முகத் தேர்வில் அவன் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் நன்றி என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தாண்டி உள்ளே எல்லோரும் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை அவன் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம்.

குளியலறையை விட்டு வெளியே வந்தபோது அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணணும். எனக்கு இன்னும் தயக்கமாத்தான் இருக்கு" என்றாள். பாலத்துக் கல்லூரி என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம். பரிசோதனை நிலையத்தில் பாதி நேரம் வேலையையும் தொடரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தயக்கத்தைக் கேட்டதும் அவனுக்குள் இருந்த விற்பனைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாடிக்கையாளர் தயங்குகிறார் என்றால் பாதி விற்பனை முடிந்த மாதிரி.

"பார்க்காம எப்படி முடிவு பண்றது? லீவு சொல்லிட்டேன். வா, பாலத்துக் காலேஜைப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். வழியில இன்னொரு காலேஜும் இருக்கு, புதுசு. அதையும் ஒரு கண் பார்த்துடு. நாளைக்கு மனசுல குறை இருக்கக் கூடாது."

அவள் நன்றியோடு அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டான்.

இங்கே மெத்தை வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வருகிறவரை எடுத்ததும் நல்ல மெத்தையில் படுக்கவைக்க மாட்டார்கள். கடையின் ஒரு மூலையில் யாரும் வாங்காத, பலகை மாதிரியான மெத்தை ஒன்று எப்போதும் கிடக்கும். கடைப் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கல். முதலில் அதில் படுக்கவைத்து முதுகை நோகவிடுவார்கள். பிறகு, எதை விற்க வேண்டுமோ அதில் படுக்கவைப்பார்கள். கல்லிலிருந்து எழுந்து வந்த முதுகுக்கு அது பஞ்சாக இருக்கும். நிஜமாகவே நல்ல மெத்தை ஒன்று உண்டே, அதைப் பற்றிக் கேட்டால் வர நாளாகும் சார் என்று சொல்லிவிடுவார்கள். இந்த வித்தையில் அவனை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் கிடையாது.

இன்றைக்கு அந்தப் புதுக் கல்லூரிதான் கல். பாலத்துக் கல்லூரி விற்க வேண்டிய சரக்கு. மலைக் கல்லூரி தூரம், ஒரே நாளில் போய்வர முடியாது.

கல் அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மேலே இரண்டு மாடிகள்தான் மொத்தக் கல்லூரியும். படியேறும்போதே பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது. வரவேற்பறை சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் கிறீச்சென்றது. டை கட்டிய ஒருவர் ஓடிவந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு பையைத் திணித்தார். அதில் ஒரு தொப்பியும் சாவிக்கொத்தும் இருந்தன.

அவள் கேள்விகளைத் தயாராக வைத்திருந்தாள். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். வெளியிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள் என்றார் டைக்காரர். முழுநேர ஆசிரியர்கள் யார் என்று கேட்டாள். அவர்களும் வருவார்கள் என்றார். பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, இன்றைக்கே சேர்ந்தால் லேப்டாப் உண்டு என்றார். நூலகத்தைக் காட்டச் சொன்னாள். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் அடுக்கப்பட்டிருந்தன.

வெளியே வந்ததும் தொப்பியை அவன் தலையில் கவிழ்த்துச் சிரித்தாள். "இதுல சேர்றவங்க பாவம்" என்றாள். அவனும் சிரித்தான். முதுகு நொந்துவிட்டது, இனி கவலையில்லை என்று உள்ளுக்குள் குஷியாக இருந்தது. அந்தக் குஷியைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கூச்சத்தை ஸ்கூட்டரின் சத்தத்தில் அமுக்கிவிட்டான்.

பாலத்துக் கல்லூரி நிஜமாகவே நல்ல கல்லூரி. இதில் அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசலில் நிழல் தரும் மரங்கள், அகலமான தாழ்வாரம், நூலகத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். பாடத்திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியை தானே வந்து அவளை உட்காரவைத்துப் பேசினார்.

அவள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் அவனுக்குக் குத்தியது. படிப்பு முடித்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் என்ன என்று கேட்கிற ஆள்தான் அவன். அவளோ, சராசரி வேண்டாம், இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பெரிய சம்பளம் கிடைத்தாலும் சராசரி ஏறிவிடும், நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டாள். வகுப்பில் ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். மருத்துவத் துறை நிர்வாகத்துக்குத் தனிப் பாடம் உண்டா, அல்லது பொதுப் பாடத்தில் ஓர் அத்தியாயமா என்று கேட்டாள். ஆசிரியை மழுப்பாமல் பதில் சொன்னார். தனிப் பாடம் இல்லை, அதற்கு மலைக் கல்லூரிதான் என்றுகூடச் சொன்னார்.

இந்தக் கேள்வியெல்லாம் இவள் எப்போது கற்றுக்கொண்டாள்? விகிதக் கணக்கே என்னிடம் கற்றவள்தானே? மேனேஜர் தன் நாற்காலியில் நெளிந்தான்.

"உங்களை மாதிரி ஒருத்தர் வகுப்புல இருந்தா எங்களுக்கே நல்லது" என்று அவளிடம் சொன்ன ஆசிரியை, அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க கூட வந்தவரா?"

ஆமாம், கூட வந்தவர்தான். அவன் பல்லைக் காட்டினான். பதினைந்து பேரை வேலை வாங்குகிறவன், கடையின் விற்பனையை இரண்டு மடங்காக்கியவன், இங்கே கூட வந்தவன். மலைக் கல்லூரியில் மட்டும் இடம் கிடைக்கட்டும், யார் கூட வந்தவர் என்று பார்க்கலாம் என்று நினைத்தான். நினைத்த மறு நொடியே, அந்த இடம் யாருடையது என்பது நினைவுக்கு வந்தது. வந்தும் அவன் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஆசிரியை வேறு வேலையாகப் போனதும், ஆளில்லாத ஒரு வகுப்பறைக்குள் அவளை அழைத்துப்போனான். ஜன்னல் வழியாகப் பாலம் தெரிந்தது. அவள் முன்வரிசையில் உட்கார்ந்து மேஜையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு இல்ல?" என்றாள்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பல வருஷப் பழக்கம் ஆயிற்றே. வாடிக்கையாளர் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னதும் அடுத்த வரி அவன் நாக்கில் தயாராக நிற்கும். அது தானாக வெளியே வந்தது.

"அவசரமே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே இருந்து பாருங்க. உங்களுக்கே தெரியும்."

மனைவியிடம் ஒருநாளும் பன்மையில் பேசாதவன், பாருங்க என்றான். அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூடியே இருந்தாள். திறந்தபோது ஜன்னலைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"போலாம்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் கை அவன் தோளில் இல்லை, ஸ்கூட்டரின் பின் கம்பியைப் பிடித்திருந்தது. களைப்பாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாலத்துக் கல்லூரியின் நல்ல குணங்களைக் காற்றையும் மீறிக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் ம் என்றாள். ஒரு திருப்பத்தில் அதையும் நிறுத்திவிட்டாள்.

வீட்டில் நுழைந்தபோது நாலரை ஆகியிருந்தது. அம்மா தேநீர் போட்டு வைத்திருந்தாள். மனைவி அதைத் தொடாமல் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அவனும் பின்னால் போனான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெத்தைக்கு ஒரு கதை உண்டு. அவள் முதல் வேலைக்கு வந்து தனியாக அறை எடுத்தபோது, அதை வாங்கத்தான் அவன் கடைக்குள் நுழைந்தாள். அவன் மேடம் என்றான், அவள் சார் என்றாள். பிறகு மெத்தையோடு அவளும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கும் கோபம் வந்தால் அவள் வாயில் சார்தான் வரும்.

"கல்லை எப்பப் போடுவீங்க சார்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன கல்லு?"

"என்னையும் அன்னைக்கு அதுல படுக்க வெச்சீங்களே. அப்புறம் இதுல படுக்க வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் இருந்து பாருங்க மேடம்னு சொன்னீங்க. கல்யாணம் ஆன புதுசுல நீங்களேதான் அந்த வித்தையைச் சொல்லிச் சிரிச்சீங்க. இன்னைக்குக் காலையில பார்த்தோமே பெயின்ட் வாடை, அதுதானே கல்லு?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னைக்கு நேர்முகத் தேர்வுல உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டிருக்குமே. எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல விற்பனைப் பாடம் ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. உங்க கல் மெத்தையைத்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் இதைப் பண்ணுவார், என்கிட்ட மட்டும் ஒளிக்காம சொல்லிட்டார்னு பெருமையாச் சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க."

அதே கேள்வியை அவனிடமும் கேட்டிருந்தார்கள். கடைப் பேச்சு இங்கே எடுபடாது என்று, புத்தகத்தில் மனப்பாடம் செய்த நாலு பெரிய வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுடைய சரக்கை அவள் விற்று இடம் வாங்கியிருக்கிறாள். இதற்காகக் கோபப்படலாமா என்று ஒரு நொடி மனசு சபலப்பட்டது. அவள் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சபலம் அடங்கிவிட்டது.

"ஒண்ணு மட்டும் புரியல" என்றாள். "தேங்கிப்போன சரக்கைத் தள்ளணும்னாத்தானே கல்லைப் போடுவீங்க. பாலத்துக் காலேஜை என் தலையில கட்டறதுல உங்களுக்கு என்ன லாபம்? எந்தச் சரக்கு சார் தேங்கிக் கிடக்குது?"

அடுத்த அறையில் அம்மாவின் டம்ளர் சத்தம் நின்றுபோயிருந்தது. பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம், நாக்கு அவனுக்கு எப்போதும் கைகொடுக்கிற ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் கைவிட்டது.

"நான்தான்" என்றான்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். காத்திருக்கும் வரிசை, முதல் ஆள், குளியலறை போன், ஆறு மணி. அவள் விலகினால் தனக்கு வரும் என்பதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அது தன் காதுக்கே எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டே சொன்னான். கடைசியில், அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டான். "எனக்குப் பொறாமைதான். உன்மேல எனக்குப் பொறாமை. அடக்கிப் பார்த்தேன், முடியல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. கத்தவும் இல்லை.

"நீங்க வந்து எனக்கு இது வேணும்னு கேட்டிருந்தா, குடுத்திருப்பேனோ என்னவோ" என்றாள். "நீங்க கேக்கல. வித்தீங்க."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கொடியில் காய்ந்த அவன் சட்டை அவள் தோளில் உரச, அதை ஒதுக்கிவிட்டுக் குனிந்து நின்றாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வந்தாள்.

"அழுத்திட்டேன்."

"எதை?"

"உங்களுக்கே தெரியும்" என்றாள். அவன் கடையில் சொல்கிற அதே தொனி. "ஆறு மணிக்குள்ள உங்க போன் அடிச்சா தெரிஞ்சுக்குங்க. அடிக்கலைன்னாலும் தெரிஞ்சுக்குங்க."

கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை, அந்த வீட்டுக் கதவுகள் அவ்வளவு மெல்லிசு. அவன் போன் நடு மேஜையில் கிடந்தது.

காலையிலிருந்து எந்த அழைப்புக்காகத் தவம் கிடந்தானோ, அதே அழைப்பு வந்துவிடக் கூடாதே என்று அவன் இப்போது உள்ளூர வேண்டிக்கொண்டான். முழு மனசோடு வேண்டினானா என்றால், அதுதான் இல்லை. மனசின் ஒரு மூலை இன்னமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்துவிட்டால், அவள் விட்டுக்கொடுத்தது என்று வாழ்நாள் முழுக்க அந்தப் படிப்பைச் சுமக்க வேண்டும். வராவிட்டால், அவள் போய்விடுவாள், தான் இங்கே மெத்தை விற்றுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எது வந்தாலும் வயிறு எரியப்போவது நிச்சயம்.

போன் அடித்தது. அவன் பாய்ந்து பார்த்தான். கடை முதலாளி, குடோன் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டார். மேஜை டிராயரில் என்று சொல்லிவிட்டு வைத்தான். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. இனி வராது என்று அவன் முதுகு நாற்காலியில் சாய்ந்த நேரத்தில் மறுபடியும் அடித்தது. தெரியாத எண்.

ஒரு தடவை அடித்தது. அவன் கையை நீட்டவில்லை. இரண்டாவது தடவையும் அடித்தது. அவன் மனைவியைப் பார்த்தான், அவள் கண் போன் மேலேயே இருந்தது. மூன்றாவது தடவை அடித்து ஓய்வதற்குள் அம்மாவின் கை நீண்டுவிட்டது.

"ஹலோ, சொல்லுங்க. காலேஜா? அவன் அம்மாதான் பேசறேன்."

பிறகு அவள் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ பேருடைய நல்லதையும் கெட்டதையும் இணைத்துக் கொடுத்துவிட்டு எதுவும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தவள் ஆயிற்றே.

"ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க" என்றாள். உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டாள். மகனை அவள் பார்க்கவே இல்லை. மருமகள் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா பண்ணிட்டே நீ?"